சிவிலியன் பழக்கம்

ராணுவ விமானப் பயிற்சியில் பறக்கிற நேரம் கொஞ்சம், பறந்ததைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். தரையிறங்கி, பாராசூட் பட்டைகளைக் கழற்றி மாட்டி, தண்ணீர் குடித்த கையோடு டிப்ரீஃப் மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெள்ளைப் பலகை, இரண்டு மூன்று நிறத்தில் மார்க்கர், குச்சியில் செருகிய சின்ன விமான பொம்மைகள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததிலிருந்து அணைத்தது வரை எங்கே பிசகியது, ஏன் பிசகியது என்று உரித்து எடுப்பார்கள். அந்த மேசையில் என் பங்குக்கு அடிக்கடி வந்து விழுந்தது ஒரே ஒரு தீர்ப்பு: "அது சிவிலியன் பழக்கம்." தரையிறங்கும் சுற்றை அகலமாகப் போட்டால் சிவிலியன் பழக்கம். ரேடியோவில் நாலு வார்த்தையில் முடிய வேண்டியதை மரியாதையாக எட்டு வார்த்தையில் சொன்னால் சிவிலியன் பழக்கம். அங்கே ஓடுபாதைக்கு நேர் மேலே 200 நாட் வேகத்தில் வந்து, விமானத்தை 60 டிகிரி சாய்த்து வளைத்து இறக்க வேண்டும். மூன்று மைல் தள்ளியிருந்தே நேர்கோட்டில் நிதானமாக இறங்கி வர மனசு துடித்தால், அதுவும் சிவிலியன் பழக்கம்தான். திட்டுகிற தொனி இருக்காது. டாக்டர் "லேசா சளி கட்டியிருக்கு" என்பாரே, அந்த மாதிரி ஒரு கணிப்பு. சளி போய்விட்டது, கணிப்பு மட்டும் இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது விமானத்தை முதல்முறையாகப் பார்க்கிற ஆள் இல்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன விமான நிலையத்தில் செஸ்னா 172-இல் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பு நடத்திய ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர். முதல்முறை தனியாகப் பறக்கப் போகிற மாணவனை ஏற்றி அனுப்பிவிட்டு, ஓடுபாதை ஓரப் புல்லில் நின்று நகம் கடித்தவள். ஏர் நேஷனல் கார்டு என்ற பகுதிநேர விமானப்படையின் ஸ்குவாட்ரன் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்து விமானப்படையின் பயிற்சிக்கு அனுப்பியது. கார்டானாலும் ரிசர்வானாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. முழுநேர விமானப்படைக்காரர்கள் உட்காரும் அதே வகுப்பு, அதே தேர்வு, கடைசியில் அதே வெள்ளிச் சிறகு. முடித்தபின் அவர்களை உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள். நாங்கள் எங்களை எடுத்த ஸ்குவாட்ரனுக்கே திரும்பி, சில மாதம் முழுநேரமாகப் பறந்து கை பழகியபின், பகுதிநேரச் சிப்பாயாகிவிடுவோம்.

ஏற்கெனவே பைலட், அப்புறம் எதுக்கு?

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் தெரிந்த மாமா ஒருவர் கேட்டார். "ஏம்மா, ஓசியில பைலட் ஆகலாம்னுதானே மிலிட்டரில சேர்ந்தே?" நான் சிரித்துக்கொண்டே, "நான் அதுக்கு முன்னாடியே பைலட் மாமா" என்றேன். அவர் விடவில்லை. "அப்ப எதுக்கு?" முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதற்கு அந்த இடத்தில் என்னிடம் இல்லை.

ஓசிக் கணக்கு பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அதில் கேவலம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சொந்தக் காசில் விமானியாவது எவ்வளவு கனமான கடன் என்று அந்தக் கடனில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். விமானப்படை சம்பளமும் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறது. ஏர்லைன் பக்கம் போகிற சாதாரண விமானிக்கு 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். ராணுவப் பயிற்சி முடித்தவர் 750-இல் அந்த லைசென்ஸின் கட்டுப்பாடுள்ள வடிவத்தைப் பெறலாம். ஆனால் சிறகு குத்திய நாளிலிருந்து பத்து வருஷம் எழுதிக்கொடுக்க வேண்டும். பத்து வருஷத்தை ஓசி என்று சொல்கிறவர் வாழ்க்கையில் எதையும் தவணையில் வாங்கியதில்லை.

தேர்வு நடக்கிற விதம் வெளியாட்களுக்கு வினோதமாக இருக்கும். ஒரு பக்கம் எண்கள். அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு, கை-கண் ஒத்திசைவைச் சோதிக்கும் கணினித் தேர்வு, இவற்றோடு சிவிலியனாகப் பறந்த மணி நேரத்தையும் சேர்த்துக் குழைத்து 1 முதல் 99 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். பி.சி.எஸ்.எம். என்று பெயர். மறுபக்கம் எந்த எண்ணிலும் அடங்காத ஒன்று. கார்டு ஸ்குவாட்ரன் தன் ஆளைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் விண்ணப்பிக்கிறவர்கள் மாதாந்திர டிரில் வாரயிறுதியில் அங்கே போய், கைகுலுக்கி, கூடச் சாப்பிட்டு, சும்மா உட்கார்ந்து பேச வேண்டும். இதை 'ரஷ்' என்கிறார்கள். பெண் பார்க்கப் போவதுதான், இங்கே பஜ்ஜியை நாம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் பார்ப்பது நம் பறக்கும் திறமையை இல்லை. அதைப் பயிற்சிப் பள்ளி பார்த்துக்கொள்ளும். இருபது வருஷம் இந்த ஆளோடு ஒரே அறையில் குப்பை கொட்ட முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

போர்டு எனப்படும் தேர்வுக்குழுவின் நேர்காணலில் ஒரு கேள்வி கிட்டத்தட்ட எல்லாரிடமும் வரும். எனக்கும் வந்தது. "பயிற்சியில் தேறாமல் போய்விட்டால் என்ன செய்வாய்?" சரியான பதில் ஊருக்கே தெரியும்: இங்கேயே வேறு வேலை பார்ப்பேன், இந்த ஸ்குவாட்ரனுக்குச் சேவை செய்வதுதான் முக்கியம். நானும் அதைத்தான் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. மெய்யாகச் சொன்னேனா என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பொங்கல் மாமாவின் இரண்டாவது கேள்வியும் இதுவும் ஒரே கேள்விதான் என்பது பிற்பாடு புரிந்தது.

மணிக்கணக்கு எதுவரை வரும்

லாக்புக்கில் சேர்த்துவைத்த மணி நேரம் பயிற்சியில் எவ்வளவு உதவும் என்று கேட்டு வருகிற மின்னஞ்சல்கள்தான் எனக்கு அதிகம். உதவும். சில வாரம் உதவும். ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை பேசுவது முதல் நாளிலிருந்தே காதில் விழும்; பக்கத்து சீட்டில் இருக்கும் பையனுக்கு அது வெறும் இரைச்சல். மேகம், காற்று, எரிபொருள் கணக்கெல்லாம் புதுசில்லை. அவ்வளவுதான். டி-6 டெக்ஸன் என்ற பயிற்சி விமானம் 1,100 குதிரைத்திறன் டர்போப்ராப். நான் ஓட்டிய செஸ்னாவுக்கு 180. செஸ்னாவில் 'அடுத்து என்ன' என்று யோசித்து முடிக்கிற நேரத்தில் டி-6 அந்த 'அடுத்ததை'த் தாண்டிப் போய்விட்டிருக்கும். வேகமாக வளையும்போது உடல் எடையைப் பலமடங்காக்கும் ஜி விசை அழுத்தும்போது கால், வயிறு தசைகளை இறுக்கிப் பிடித்து மூச்சைக் கட்டிக் கட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் பார்வை ஓரங்களிலிருந்து சாம்பல் பூத்துக்கொண்டு வரும். இதற்கெல்லாம் என் லாக்புக்கில் ஒரு வரியும் இல்லை. முதல் தனிப் பறப்பு முடிவதற்குள் வகுப்பில் எல்லாரும் ஒரே கோட்டில் வந்துவிட்டோம்.

காலையில் 'ஸ்டாண்ட்-அப்' என்று ஒரு சடங்கு உண்டு. ஒரு பயிற்றுநர் எழுந்து ஒரு அவசர நிலையைக் கதைபோல விவரிப்பார். இத்தனை உயரம், இத்தனை வேகம், திடீரென்று இந்த விளக்கு எரிகிறது. ஒரு பெயரைக் கூப்பிடுவார். அந்த மாணவர் விறைப்பாக எழுந்து நின்று, விமானம் இப்போது தன் கையில் இருப்பதாக எண்ணி, என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில படிகள் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். அவற்றுக்கு 'போல்ட்ஃபேஸ்' என்று பெயர். ஒரு சொல் தடுமாறினாலும் "உட்கார்", அன்றைக்குப் பறப்பு கிடையாது, இன்னொருவர் எழுவார். நான் பயிற்றுநராக இருந்தவள் இல்லையா, ஏன் இந்தப் படி, ஏன் இந்த வரிசை என்று விளக்கத் தொடங்குவேன். அங்கே யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இரவில் விடுதி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் பறப்பை முழுசாக மனசுக்குள் ஓட்டிப்பார்ப்போம். என் வகுப்புத் தோழர் ஒருவர் கழிப்பறை அடைப்பு நீக்கும் ரப்பர் பிளஞ்சரைத் தரையில் ஒட்டவைத்து, அதன் கம்பைக் கண்ட்ரோல் ஸ்டிக்காகப் பிடித்துக்கொண்டு பறந்தார். சிரிப்பாக இருக்கும். அவர் வகுப்பில் மேல்வரிசையில் முடித்தார்.

என் பழைய வேலையிலிருந்து உண்மையில் கூட வந்தது ஒன்று உண்டு. பின்சீட்டில் இருக்கும் பயிற்றுநர் பேச்சை நிறுத்தினால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவர் கோபமாக இல்லை; நாமே கண்டுபிடிக்கிறோமா என்று பார்க்கிறார். நானும் எத்தனையோ மாணவர்களுக்கு அந்த மௌனத்தைக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் அந்த மௌனத்தில் வியர்த்துக் கொட்டியபோது நான் என் கருவிகளை ஒரு சுற்று பார்ப்பேன், எங்காவது உயரம் நூறு அடி நழுவியிருக்கும்.

பத்தடி

பிறகு ஃபார்மேஷன் வந்தது, விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டிச் சேர்ந்து பறப்பது.

சிவிலியன் விமானிக்குள் இரண்டு விஷயங்களை எலும்புவரை இறக்கியிருப்பார்கள். ஒன்று, இன்னொரு விமானத்தின் பக்கத்தில் போகாதே. அமெரிக்க விமான விதிகளில் 91.111 அதைத்தான் சொல்கிறது. இரண்டு விமானிகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் சேர்ந்து பறக்கக் கூடாது. இரண்டாவது, 91.3. விமானத்துக்கு நேரடிப் பொறுப்பும் இறுதி அதிகாரமும் அதன் தலைமை விமானிக்கே. மாணவர்களுக்கு நான் நடத்திய முதல் பாடமே அதுதான். வானிலை சரியில்லை என்று தோன்றினால் முதலாளி சொன்னாலும் கிளம்பாதே; கட்டுப்பாட்டு அறை சொல்வது ஆபத்து என்றால் 'முடியாது' என்று சொல். நல்ல சிவிலியன் விமானியை அளப்பதற்கு அவர் எங்கெல்லாம் போகாமல் இருந்தார் என்று பார்த்தாலே போதும்.

ஃபார்மேஷன் இந்த இரண்டையும் ஒரே காலையில் எடுத்துப் பரணில் போடச் சொல்லும். 'ஃபிங்கர்டிப்' நிலையில் இரண்டு டி-6களின் இறக்கை நுனிகளுக்கு இடையே பத்தடி. பக்கத்தில் ஒட்டிப் பறக்கும் விங்மேன் பார்க்க வேண்டியது முன்னால் போகும் லீட் விமானத்தை மட்டும். கருவிகளை ஓரக்கண்ணால் பார்த்தால் உண்டு. பூமி எங்கே, வானம் எங்கே என்பதை லீட் பார்த்துக்கொள்வார். லீட் சாய்ந்தால் நீயும் சாய வேண்டும், ஏறினால் ஏற வேண்டும். விங்மேன் வாயிலிருந்து மூன்றே மூன்று வாசகம்தான் வரலாம் என்று பழைய ஜோக் ஒன்று உண்டு: "டூ", "பிங்கோ", "லீட், உன் விமானம் எரியுது." டூ என்றால் இரண்டாவது விமானமான நான் கேட்டுக்கொண்டேன். பிங்கோ என்றால் எரிபொருள் திரும்பிப் போகும் அளவுக்குக் குறைந்துவிட்டது. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒட்டவில்லை.

இரண்டு சம்பவங்கள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று கார்னீலியா ஃபோர்ட். என்னைப் போலவே சிவிலியன் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர். 1941 டிசம்பர் 7 காலை, ஹவாயில் ஒரு மாணவரோடு பறந்துகொண்டிருந்தார். நேராக மோத வந்த விமானத்திலிருந்து தப்ப, கண்ட்ரோலைப் பிடுங்கி மேலே இழுத்தபின் பார்த்தால், அதன் இறக்கையில் சிவப்புச் சூரியன். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு நடுவே தரையிறங்கி உயிர் தப்பினார். அடுத்த வருஷம் ராணுவ விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் பெண்கள் அணியில் சேர்ந்தார். 1943 மார்ச் 21, டெக்சாஸில் மெர்க்கல் என்ற ஊருக்கு அருகே, கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தபோது இன்னொரு விமானத்தின் சக்கரக் கால் அவருடைய இறக்கையில் இடித்தது. தப்பவில்லை. அந்தப் பெண்களை அரசு கடைசிவரை சிவிலியன் என்றே கணக்கு வைத்தது. அவர்களுடைய அணி விரிந்து 'வாஸ்ப்' ஆனது; 38 பேர் பணியில் இறந்தார்கள், ராணுவ மரியாதை கிடையாது, இறந்தவரை ஊருக்கு அனுப்பச் சக விமானிகளே காசு திரட்ட வேண்டியிருந்தது. 1977-இல்தான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைத்தது. என்னிடம் 'சிவிலியன் பழக்கம்' என்று யாராவது சொல்லும்போது ஃபோர்ட்டின் ஞாபகம் வருவதை என்னால் தடுக்க முடியவில்லை.

இன்னொன்று தண்டர்பேர்ட்ஸ், விமானப்படையின் சாகசக் காட்சிக் குழு. 1982 ஜனவரி 18, நெவாடாவில் இந்தியன் ஸ்பிரிங்ஸ். நான்கு டி-38 ஜெட்கள் பக்கம் பக்கமாக ஒரு லூப், அதாவது செங்குத்தான வட்டம், போட்டன. லீட் விமானத்தின் வால் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டது. லூப்பிலிருந்து வெளியே வர முடியவில்லை. மற்ற மூவரும் பயிற்சி சொன்னபடியே லீடை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் அடுத்தடுத்துப் பாலைவனத்தில் மோதினார்கள். யாரும் தவறு செய்யவில்லை, எல்லாரும் சரியாகச் செய்தார்கள் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு ஜீரணமாகாத பகுதி.

இப்படிப்பட்ட மனசோடுதான் அன்றைக்குப் பறந்தேன். இரண்டு விமானம், லீடில் என் வகுப்புத் தோழர், அவருக்குப் பின்சீட்டில் ஒரு பயிற்றுநர், எனக்குப் பின்னால் ஒருவர். நான் லீடுக்கு வலப்பக்கம். லீட் வலது பக்கமாக, என் பக்கமாகவே சாய்ந்து திரும்பினார். அப்படித் திரும்பும்போது உள்பக்கம் இருக்கும் விங்மேன் கீழே இறங்கி, லீடை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்ற வேண்டும். காலை வெயில். லீடின் வயிற்றுப்பக்கம், இறக்கை நுனி விளக்கு, எண்ணெய்க் கறை எல்லாம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தன. திருப்பம் முற்ற முற்ற அந்த விமானம் மெல்ல நகர்ந்து சூரியனுக்கு நேராகப் போய் நின்றது. கறை போனது. விளக்கு போனது. கண்ணாடி முழுக்க வெள்ளை. பத்தடி தள்ளி இரண்டரை டன் உலோகம் இருக்கிறது, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு விதி உண்டு, பிளஞ்சர்க்காரரோடு சேர்ந்து நாற்காலியில் நூறு தடவை ஓட்டிப்பார்த்த விதி. கை தானாக விமானத்தை வலப்புறம் கீழே உருட்டி லீடிலிருந்து விலகியது. வாய், "டூ, பிளைண்ட்" என்றது. பார்வை போய்விட்டது என்று அர்த்தம். லீட் உடனே தன் உயரத்தைச் சொன்னார். அதற்குக் கீழே நான் என் உயரத்தைச் சொல்லி நிலைநிறுத்தினேன். சில விநாடிகளில் அவர் என்னைப் பார்த்துவிட்டு "விஷுவல்" என்றார். எனக்கும் அவர் தெரிந்தார். மறுபடி சேர்ந்துகொண்டோம். பின்சீட்டில் மௌனம்.

டிப்ரீஃபில் அதைப் பலகையில் வரைந்தார்கள், விலகிய கோணம் சரி, அழைப்பு சரி, அடுத்தது என்று கடந்துவிட்டார்கள். அன்றாட விஷயம். எழுந்து வெளியே போகும்போதுதான் லீடில் இருந்த தோழர் சாதாரணமாகச் சொன்னார், அந்தத் திருப்பத்தில் அவருடைய வேலை முழுக்க முன்னால் இருந்தது, என் பக்கம் திரும்பவே முடியவில்லையாம். "நீ ஒண்ணும் சொல்லல, அதனால நீ இருக்கேன்னு நினைச்சுச் சுத்திக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அதுவரை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விங்மேன் தன் முடிவெடுக்கும் உரிமையை லீடிடம் அடகு வைக்கிறார் என்றே என் எண்ணம். லீட் என்ன நம்பிக்கையில் பறக்கிறார் என்று யோசித்ததே இல்லை. தனக்குத் தெரியாத ஆபத்தை விங்மேன் வாய்திறந்து சொல்லிவிடுவார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர் கவலையில்லாமல் முன்னால் பார்க்கிறார். நான் சும்மா இருந்தால் 'எல்லாம் சரி' என்று உறுதி கொடுத்ததாகிவிடும். அப்புறம்தான் விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தவை வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. பறந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நாக் இட் ஆஃப்" என்று கூப்பிடலாம். மாணவர் கூப்பிட்டாலும் கர்னல் சாகசத்தை நிறுத்திவிட்டு வரிசையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 'முடியாது' என்று சொல்லும் உரிமையைச் சிவிலியன் உலகம் ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்திருக்கிறது. இங்கே அதைக் கூறுபோட்டு ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து, சொல்லாமல் இருப்பதையும் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியன் ஸ்பிரிங்ஸில் அதைச் சொல்ல நேரமே இருக்கவில்லை என்பதையும் மறக்கவில்லை. இந்த ஏற்பாடு எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை.

படுத்துக்கொண்டிருப்பவரின் குரல்

டி-6க்குப் பிறகு டி-1 என்ற பயிற்சி ஜெட், அதற்குப் பிறகு என் ஸ்குவாட்ரனின் விமானம், கே.சி-135. பறக்கும் பெட்ரோல் பங்க். இந்த ரகத்தின் கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது 1965-இல். நான் ஓட்டுவது என் அம்மாவைவிட மூத்தது. அம்மாவிடம் இதைச் சொன்னது தப்பாகப் போயிற்று, இன்றுவரை "அந்தக் கிழட்டு விமானத்துலயா போறே" என்றுதான் போனை எடுக்கிறாள்.

வால்பகுதியில் ஒரு சின்ன அறை. அதில் பூம் ஆபரேட்டர் குப்புறப் படுத்து, மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பார். வாங்க வருகிற விமானம் கீழிருந்து மெல்ல நெருங்கி வரும்; அவர் பூம் என்ற நீண்ட குழாயை ஓட்டி அதன் வாயில் பொருத்துவார். சி-17 மாதிரிப் பெரிய விமானம் வந்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கே தெரியும். அது தள்ளிக்கொண்டு வரும் காற்று எங்கள் வாலைத் தூக்கும். ஆட்டோபைலட் அதைச் சரிசெய்ய, முழங்காலருகே இருக்கும் டிரிம் சக்கரம் கடகடவென்று தானாகச் சுற்றும். யார் வருகிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அந்தப் படுத்திருக்கும் ஆள் பெரும்பாலும் எங்களைவிடச் சின்னவர், பதவியிலும் கீழே, வாரநாளில் கல்லூரிக்குப் போகிறவராகக்கூட இருப்பார். அவர் "பிரேக்அவே, பிரேக்அவே, பிரேக்அவே" என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் கை நான்கு த்ராட்டில்களையும் முன்னால் தள்ளிவிடும், கீழே இருக்கும் விமானம் பவரைப் பிடுங்கிக் கீழே சரிந்துவிடும். காரணமெல்லாம் பிறகு. இரண்டு விமானத்திலும் யார் வேண்டுமானாலும் இதைக் கூப்பிடலாம். 1966 ஜனவரி 17, ஸ்பெயினில் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானமும் ஒரு கே.சி-135ம் எரிபொருள் மாற்றும்போது மோதின. ஏழு பேர் இறந்தார்கள், நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. உயிர் பிழைத்த பி-52 விமானி ஒருவர் பிற்பாடு சொன்னதன் சாரம் இது: மேலிருந்து பிரேக்அவே என்று குரல் வரவில்லை, அதனால் ஆபத்து இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது பயிற்சித் தள வராந்தாவில் என் தோழர் சொன்னது அப்படியே காதில் விழுந்தது.

இதையெல்லாம் சேர்த்து எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. ஸ்குவாட்ரனில் பலருக்குப் பிடிக்காது. முழுநேர அதிகாரிக்கு அடுத்த பதவி உயர்வு, அடுத்த இடமாற்றம் எல்லாம் இதே கட்டடத்துக்குள் இருக்கிறது. பகுதிநேரக்காரருக்குத் திங்கட்கிழமை வேறு வேலை இருக்கிறது. நான் இப்போது ஏர்லைனில் கோ-பைலட். 1994-இல் வந்த சட்டம் ஒன்று, ராணுவக் கடமைக்காக விடுப்பு எடுப்பவரின் சிவிலியன் வேலையைப் பாதுகாக்கிறது, ஷெட்யூல் போடுகிறவர்கள் முகம் சுளித்தாலும். அதனால் 'இன்றைக்கு இந்தப் பறப்பு வேண்டாம்' என்று சொல்ல எனக்கு ஆகும் செலவு குறைவு. ரிசர்வுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்கள் அனுபவத்தைப் புகழ்வார்கள், அல்லது கை துருப்பிடித்துப்போகும் என்று கவலைப்படுவார்கள். இரண்டும் உண்மைதான். துருப்பிடிக்கும். மாதம் ஒரு வாரயிறுதி, வருஷத்தில் இரண்டு வாரம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். விமானிகளுக்கு அது பத்தாது என்பதால்தான் கூடுதலாக 48 பறப்புப் பயிற்சி வேளைகள் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிச் சில மாதம் ஏர்லைன் என்னை விழுங்கிவிடும். அந்த மாதங்களுக்குப் பிறகு இருட்டில், மோசமான வானிலையில், புது ஆள் பக்கத்தில் இருக்கப் போகவேண்டும் என்று அட்டவணை வந்தால், நான் போய்ச் சொல்லிவிடுவேன், முதலில் பகலில் ஒரு சுற்று போய்வருகிறேன் என்று. மாணவர்களுக்கு செஸ்னாவில் சொல்லிக்கொடுத்த அதே பழக்கம்தான். டிப்ரீஃப் மேசையில் சளி என்று பெயர் வாங்கிய ரகம். அட்டவணை அதிகாரி பெருமூச்சு விடுவார், பெயரை மாற்றுவார், அவ்வளவுதான்.

அகலமான சுற்று, நீட்டி முழக்கும் ரேடியோ, இவையெல்லாம் போனது நல்லதே. ஏர்லைனில் மறுபடி அந்த நிதானமான மூன்று மைல் இறக்கம் வேண்டும், கை அதற்கும் மாறிக்கொள்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு செக்லிஸ்ட், இரண்டு வகை அழைப்புகள். குழப்பம் வராதா என்று அம்மா கேட்பாள். வீட்டில் தமிழும் வேலையில் இங்கிலீஷும் பேசுகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

மின்னஞ்சலில் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் எழுதுவது ஏறக்குறைய இதுதான். குடியுரிமை இருக்கிறதா பார், பட்டம் முடி. வயதைக் கவனி, பயிற்சி தொடங்க ஒருகாலத்தில் 30 என்று இருந்த வரம்பை 33 ஆக்கியிருக்கிறார்கள், ஆனாலும் போர்டு, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு அனுமதி, அலபாமாவில் அதிகாரிப் பயிற்சி என்று ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் இழுக்கும். பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடு. அதற்கு மேல் மணி நேரம் சேர்க்கவென்று கடன் வாங்காதே. அந்தக் காசில் நாலு ஸ்குவாட்ரனுக்குப் போய்வா, அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து பார். மருத்துவப் பரிசோதனைக்கு ஓஹையோவில் ரைட்-பாட்டர்சன் தளத்துக்கு அழைப்பார்கள், கண் சோதனை கடுமையாக இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போ. தேறாவிட்டால் என்ன செய்வாய் என்று போர்டில் கேட்பார்கள், அதற்கு மனப்பாடம் செய்துகொண்டு போகாதே. பறக்கிற ஆசைக்காக மட்டும் இதில் சேராதே என்று மூத்தவர்கள் எழுதுவார்கள். நான் அப்படி எழுதுவதில்லை. நான் சேர்ந்தது அதற்காகத்தான். தங்கியிருப்பதற்கான காரணம் வேறு, அது பத்தடி தூரத்தில் வந்தது. இப்போது யாராவது கேட்டால் தேறாவிட்டாலும் அங்கேயே இருப்பேன், வால்பக்கம் படுத்துக்கொண்டு பூம் ஓட்டக் கற்றுக்கொள்வேன் என்று யோசிக்காமல் சொல்வேன். பொங்கல் மாமாவிடம் இதைச் சொன்னேன். அந்த வேலைக்குச் சம்பளம் என்ன என்று கேட்டார்.